வலது கையில் ஒரு வெளிச்சம்

அமலோற்பவத்தின் இடது கை டயாலிசிசுக்கென்றே நேர்ந்துவிட்ட கை. பதினோரு வருடமாக அதில் வேறு ஊசி குத்த யாரையும் விட்டதில்லை. ஸ்கேன் அறையிலும் பழக்கமாக வலது கையைத்தான் நீட்டினாள். அளவுக்கு மீறிச் சுரந்து எலும்பை அரிக்கும் சுரப்பி உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் ஊசி மருந்து அங்கே போய் ஒளிருமாம். போன மாதம் தும்மியதற்கே விலா எலும்பு முறிந்திருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் கழுத்து இருட்டாக இருந்தது. வலது முன்கையில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம்.

“ஊசி போட்ட இடம்மா, அப்படித்தான் தெரியும்,” என்றான் டெக்னீஷியன் ரிஸ்வான்.

“முன்னாடி நடந்த ஆபரேஷன்ல கழுத்துச் சுரப்பியை எடுத்துட்டு, கொஞ்சமாவது சுரக்கட்டும்னு அதுல ஒரு துணுக்கை இந்தக் கையிலதானே தம்பி புதைச்சு வச்சாங்க?”

“இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“எந்தக் கைன்னு நீங்க கேக்கலையே.”

அந்த வெளிச்சம் ஊசியுடையதா, சுரப்பியுடையதா என்று டாக்டருக்கும் பிடிபடவில்லை. மறுபடி படம் எடுக்க மறுவாரம் வரச் சொன்னார்.

மறுவாரம் ரிஸ்வான் சிரிஞ்சோடு வந்து, “கையைக் குடுங்கம்மா,” என்றான். அவள் இடது கையைப் பார்த்தாள். வலது கையைப் பார்த்தாள். இரண்டையும் முந்தானைக்குள் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.