ரிப்பன் கட்டிய விமானம்

காதைப் பிளக்கும் இரைச்சலோடு புத்தம்புதுப் போர் விமானம் ஓடுபாதையில் இறங்கியது. வர்ஜீனியா கடற்படைத் தளத்தில் விமானக் கொட்டகையின் தகரக் கதவுகள் தடதடத்தன.

பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தர்லோ பெக்வித் கை தட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

கமாண்டர் லோர்னா ஹாஸ்கெட்டும் தட்டினாள், இரண்டு விரலால்.

மூன்று வருடத்துக்கு முன்பு, கொள்முதல் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு இதே மனிதரின் அறை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றவள் அவள். புது விமானம் வேண்டாம், இருக்கிற விமானங்களுக்கு உதிரிபாகம் கொடுத்தால் போதும். கடற்படை கேட்டது அவ்வளவுதான்.

பெக்வித் அந்தத் தாளைப் படிக்கவில்லை. காபிக் கோப்பையை அதன்மேல் வைத்தார்.

"உதிரிபாகத்துக்கு எவனாவது ரிப்பன் வெட்டுவானாம்மா?"

கொள்முதல் பட்டியலிலிருந்து உதிரிபாகம் அடிபட்டது. யாரும் கேட்காத விமானம் பட்டியலில் ஏறியது. அதைச் செய்யும் தொழிற்சாலை அவர் தொகுதியில் இருந்தது. ஓட்டும் அங்கேதான் இருந்தது.

வியாழக்கிழமை விமானந்தாங்கிக் கப்பல் கிளம்ப வேண்டும். அதில் ஏற வேண்டிய, புது விமானத்தின் அதே ரகத்தைச் சேர்ந்த நான்கு பழைய விமானங்கள் பறக்க வழியில்லாமல் பின்வரிசையில் நின்றன. ஒன்றுக்கு பம்ப் இல்லை. ஒன்றுக்கு ரேடார். ஒன்றுக்குச் சக்கரம். நான்காவதற்கு, விமானியின் தலைக்கு மேல் மூடுகிற கண்ணாடி.

பெக்வித் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புது விமானத்தின் கண்ணாடி விளிம்பில் மரியாதைக்காக எழுதியிருந்த தன் பெயரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து கொஞ்சம் பொடிசா இருக்கே?"

"பெருசாக்கிடலாம் சார்."

இன்னும் நாலு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள் லோர்னா. இறக்கையைத் தடவிக் கொடுக்கச் சொன்னாள். அவர் குதிரையைத் தடவுவதுபோல் தடவினார். தன் பொறுமை அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சுவரோரம் ஆறு மெக்கானிக்குகளோடு நின்ற மேஸ்திரி ஒரோஸ்கோ மூன்றாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

ரிப்பன் வெட்டியாயிற்று. கேக் வெட்டியாயிற்று. பேண்டு வாத்தியம் ஓய்ந்தது. கறுப்புக் கார்கள் வரிசையாக நகர்ந்தன.

ஒரோஸ்கோ கருவிப் பெட்டியை இழுத்துக்கொண்டு புது விமானத்தின் அடியில் வந்து நின்றார்.

"கார் கேட்டைத் தாண்டிருச்சு மேடம். பம்பை முதல்ல கழட்டவா, இல்ல ஐயா பேரு எழுதின கண்ணாடியவா?"