முதல் கியர்

வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி கிக்கர் மேல் வைத்தார்.

உடம்பு மொத்தத்தையும் இறக்கி மிதித்தார். புஸ்ஸென்றது.

மறுபடி.

மறுபடி.

சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பக்கவாதத்தில் விழுந்த கை தேறிவிட்டது. கால் தேறவில்லை. மிதிக்கச் சொன்னால் எப்படியோ மிதிக்கும். பாதத்தின் முனையைத் தூக்கச் சொன்னால் கேட்காது.

வண்டியோ இங்கிலாந்தில் செய்தது. உலகப்போர் முடிந்த கையோடு வந்த இரட்டை சிலிண்டர். கிக்கர் வலப்பக்கம். கியரும் வலப்பக்கம். நன்றாக இருக்கிற இடது காலுக்கு அதில் ஒரே வேலைதான். பிரேக்.

நாளைக்கு வண்டியை விற்க மகன் ஆள் கூட்டி வருகிறான். "ஓட்ட முடியாத வண்டி எதுக்குங்கப்பா, எடத்தை அடைச்சுட்டு?" என்று கேட்டுவிட்டான். அதற்குள் ஓட்டிக் காட்டுகிறேன் என்று இவரும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அடுத்த மிதிக்கு ஒரு சிலிண்டர் இருமியது. பிறகு மற்றதும் சேர்ந்துகொண்டது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

அவருக்கு அழுகை வந்துவிட்டது.

கிளட்ச்சைப் பிடித்தார். இந்த வண்டியில் முதல் கியருக்கு மட்டும் லீவரை மேலே தூக்க வேண்டும். மற்றதெல்லாம் கீழே அமுக்கினால் போதும்.

லீவருக்கு அடியில் நுழைத்த பாதம் அப்படியே கிடந்தது.

குனிந்து கையால் தூக்கப் பார்த்தார். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் அணைந்துபோனது.

"சனியனே!" என்று டேங்கை ஓங்கி அறைந்தார். காலைத்தான் சொன்னார். உள்ளங்கை எரிந்தது.

வாளியை வைத்துவிட்டு அவள் வந்தாள். எண்ணெய் சொட்டித் தரையெல்லாம் பாழாகிறது என்று இத்தனை வருஷமாக இந்த வண்டியைக் கரித்துக்கொட்டியவள்.

"இன்னொருக்கா மிதிங்க."

அவளிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் சேர்த்து மிதித்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியது. கிளட்ச்சைப் பிடித்தார்.

அவள் வண்டியோரம் குந்தினாள். அவர் பாதத்தை ஒதுக்கினாள். லீவருக்கு அடியில் விரலைக் கொடுத்து மேலே இழுத்தாள்.

டக்.

அவர் கிளட்ச்சை விடவில்லை.

"முக்குல சிக்னல் இருக்குது," என்றார். "நின்னா மறுபடி முதல் கியர் போடோணும்."

விரலில் ஒட்டிய கறுப்பு எண்ணெயை அவள் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். அவர் தோளைப் பிடித்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க," என்றாள்.