சித்தியவானுக்கு அனுமதி இல்லை

இரண்டாவது வரியிலிருந்து சித்தியவானை அழித்தார் சன்னாசி.

ஊரை அல்ல. ஊரை அழிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. தோட்டக் கம்பெனியின் கீழ்த்தள முகப்பில் இருக்கும் கணினிக்கு மேனேஜர் வைத்த பெயர் சித்தியவான். மாடியில் இருப்பது பீடோர். இரண்டுக்கும் படியளக்கிற பெரிய இயந்திரம் ஈப்போ. அது மாடிக் குளிரறையில் குடியிருந்தது. அதற்குச் சளி பிடிக்காது. கூடவே உட்கார்ந்திருக்கும் சன்னாசிக்குத்தான் எண்பத்தேழாம் வருடம் பிடித்த சளி எண்பத்தொன்பது பிறந்தும் விடவில்லை.

விற்றுப்போன ரப்பர் தோட்டங்களின் பழைய பதிவேடுகளையெல்லாம் ஈப்போவின் வயிற்றில் ஏற்றியிருந்தார்கள். பிறப்பு ஒரு கோப்பறை, இறப்பு ஒரு கோப்பறை. எந்தக் கணினி எதைப் பார்க்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல். கோப்பறைக்கு ஒரு வரி; இரண்டாவது வரி இறப்புக்கு. வரியில் பெயர் இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் வாசலோடு சரி.

வரியில் ஒரு பெயருமே இல்லாமல் வெறுமனே விட்டால் ஊர் உலகத்துக்கே திறந்துவிடும். அப்படி ஒரு தாராளம் அதற்கு. அதனால் பீடோரை விட்டுவைத்தார்.

மேனேஜர் சொன்னது வேறு. தோட்டத்துச் சனங்கள் பத்து மணிக்குப் பிறந்த தேதி, இறந்த தேதிக்குக் கடிதம் கேட்டு வருவார்கள், இரண்டு கோப்பறையும் முகப்புக்குத் தெரியவேண்டும் என்றிருந்தார். சன்னாசியும் முதலில் அப்படித்தான் எழுதினார். பத்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது சன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.

வரிசையில் மூன்றாவதாக, குடையை ஊன்றிக்கொண்டு, அம்மா நின்றாள்.

கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வீடிருக்கும் சிலிபினிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். யாரைத் தேடி என்று அவருக்குத் தெரியும். ராமையாவை.

ராமையா, சன்னாசியின் தம்பி. ஐம்பத்தொன்றில், இரண்டு வயதில், காய்ச்சலோடு தோட்டத்து லாரியில் ஆஸ்பத்திரிக்குப் போனான். அம்மாவுக்கு அன்று ரப்பர் மரத்தில் பால்வெட்டு, லீவு கிடைக்கவில்லை. அப்பா மாயாண்டிதான் தூக்கிக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசர் ஒருவர், பிள்ளை இல்லாதவர், வளர்க்கக் கேட்டார், கொடுத்துவிட்டேன், ராசாவாட்டம் இருப்பான் என்றார்.

மாயாண்டி ஒன்றைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுகிற ஆள் இல்லை. வருடா வருடம் ராமையாவை வளர்த்தார். பினாங்கில் படிக்கவைத்தார். லண்டனுக்குக் கப்பலேற்றினார். அங்கே பனியில் வழுக்கி விழுந்தவனை ஒரு பிரபு தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய் மூன்று மாதம் சோறு போட்டார்.

சாகிற அன்று மூத்தவனின் காதில் உண்மையைச் சொல்லி, ராமையாவை வளர்க்கிற உத்தியோகத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

சன்னாசியின் காலத்தில் ராமையா ஆஸ்திரேலியாவுக்கு மாறினான். எட்டாயிரம் ஆடு. மேய்ப்பதற்கு ஒரு சின்ன ஆகாய விமானம். எழுதுகிற கடிதங்களைப் பெட்டியில் போடுவதற்குள் ஆடுகள் தின்றுவிடுகின்றன.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். சோற்றுக்கு என்ன செய்கிறானாம் என்பாள். அதற்குமேல் ஒன்றும் கேட்டதில்லை.

இறப்புக் கோப்பறையில் அவன் இருந்தான். அந்தப் பக்கத்தை வேறு யாரையும் தொடவிடாமல் சன்னாசியே தட்டி ஏற்றியிருந்தார்.

பத்தேகாலுக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. முகப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த வீரம்மா.

“அண்ணே, பிறப்பு தொறக்குது. இறப்பு கேட்டா அனுமதி இல்லைங்குது லா.”

“கேபிள் கோளாறு. பிறப்பை மட்டும் பாத்து, பேரு இருக்குன்னு சொல்லி அனுப்பு.”

“இந்தப் பாட்டிக்குப் பிறப்பு வேணாமாம்ணே. இருங்க.”

ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம். பிறகு அம்மாவின் குரல், சற்று எட்டத்தில், ஆனால் தெளிவாக.

“செத்த தேதிதாம்மா வேணும். முப்பத்தெட்டு வருசமா தீபாவளியோட சேத்து ஒரு சின்னச் சட்டை வச்சுப் படைக்கிறேன். அவன் நாளு தெரிஞ்சா அன்னிக்கே படைப்பேன். எனக்கும் வயசாயிருச்சு.”

தீபாவளிக்குத் தீபாவளி அம்மா வாங்குகிற அந்தச் சட்டை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்றே சன்னாசி நினைத்திருந்தார். அதை யார் போட்டும் அவர் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

“மேல அண்ணன்கிட்ட ஏட்டையே பாத்துச் சொல்லச் சொல்றேன் பாட்டி,” என்றாள் வீரம்மா.

“வேணாம்மா. அவன் என் மவன். அவங்கிட்ட மட்டும் சொல்லிராத. அவங்க அப்பா பொய்யோட படியேறுன அன்னிக்கே எனக்குத் தெரியும். இவன் இன்னும் விமானம் ஓட்டிக்கிட்டு இருக்கான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவனுக்குத் தம்பி இல்லாம போயிரும்லா.”

சன்னாசி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒற்றைக் கையால் இரண்டாவது வரியில் சித்தியவானைச் சேர்த்தார். ஓர் எழுத்து தப்பியது. அழித்து மறுபடி சேர்த்தார். பட்டியலை மீண்டும் படிக்கும்படி ஈப்போவுக்கு உத்தரவு போட்டார்; சொன்னால்தான் படிக்கும் அது.

வீரம்மா வந்து ரிசீவரை எடுத்தபோது, கேபிள் சரியாகிவிட்டது, இறப்பை இன்னொரு தடவை கேட்டுப் பார் என்றார்.

கொஞ்ச நேரத்தில் கீழே அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடியது. மாடிவரை கேட்டது.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுத அதிகம் ஒன்றும் இருக்காது. உடனே நின்றுவிட்டது.