எல்லையில் இடிபடும் வரிசை

“லூபோக் சீனா டவுன் தாண்டி, மாநில எல்லையில இருக்கிற அந்தச் சிவப்பு விளக்கு வீடுகளை இன்னைக்கு உடைக்கிறாங்களாம். போய் வந்திடுறேன்” என்றபடி சட்டையை மாட்டினார் சேகரன்.

மனைவி குஞ்சம்மா பொங்கினாள். “எழுபது வயசுல அங்க என்ன வேலை? கல்யாணத்துக்கு முன்ன, சம்பளம் போட்டா நீங்க அங்கதான் கிடப்பீங்கன்னு எஸ்டேட்டே சிரிச்சுது. எங்கப்பாதான் நம்பல!”

“போனது உண்மைதான்.”

“ஐயோ, வெட்கமே இல்ல லா!”

“வாசல்ல நின்னு பேரைக் கேட்டா ஆகாது குஞ்சு. அங்க வர்ற பொண்ணுங்களுக்கு வேற பேரு வெச்சிடுவாங்க. வாடிக்கை ஆளா உள்ள போயி, ஒவ்வொரு முகமாப் பார்க்கணும்.”

“யாரைப் பார்க்க?”

“எங்க அக்காவ.”

“அவங்கதான் காய்ச்சல்ல செத்துட்டாங்களே?”

“அது அப்பா ஊருக்குச் சொன்னது. டவுன்ல வேலைன்னு ஒருத்தன் கூட்டிட்டுப் போனான். வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு.” கார் சாவியை எடுத்தார். “உடைக்கிறதைப் பார்க்க அவளும் வந்து நிப்பாளோன்னு ஒரு ஆசை.”

குஞ்சம்மா வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

“ரெண்டு பேராத் தேடலாம். நாத்தனாரு முகத்துல என்ன அடையாளம், சொல்லுங்க.”