மூணு கொட்டேஷன்

"சார், பூட்டுக்கார ஆ செங் வந்து ஒரு மணி நேரமாச்சு. ஸ்டோர் கதவைத் திறக்கச் சொல்லிடவா?"

டைப்பிஸ்ட் சந்திரிகா பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டாள். சாவி போட்டும் திரும்பாத அந்தப் பூட்டால் காலையிலிருந்து அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

"எத்தனை கொட்டேஷன் வாங்கினம்மா?" ஸ்டோர் அதிகாரி நாராயணசாமியின் குரல் கறாராக வந்தது.

"ஒண்ணுதான் சார். கோல சிலாங்கூர்ல எனக்குத் தெரிஞ்ச பூட்டுக்காரர் இவர் ஒருத்தர்தான்."

"புக்கிட் ரோத்தான்ல விசாரி. ரவாங்ல விசாரி. மூணு கொட்டேஷன் இல்லாம கவர்மெண்டு காசுல ஒரு ஆணிகூட வாங்க முடியாதுலா."

"அதெல்லாம் தபால்ல வர ரெண்டு நாளாகும் சார்!"

"ஆகட்டும்."

"சாப்பாட்டு நேரமும் போச்சு சார்."

"எனக்கும்தான் பசிக்குது. அதுக்காக ரூல்ஸை மாத்த முடியுமா?"

ஆ செங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். சந்திரிகாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்ப அவசரக் கொள்முதல்னு ஃபாரம் போடுங்க சார். அதுக்கு ஒரே கொட்டேஷன் போதும். உங்க கையெழுத்து இருந்தா சரி."



"அந்த ஃபாரமெல்லாம் ஸ்டோருக்குள்ளதானே இருக்கு?"

"ஆமா சார். நீங்களே எடுத்துடுங்க."

உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது. பூட்டிக் கிடந்த ஸ்டோர் கதவின் அடியிடுக்கு வழியாக, கையெழுத்துப் போட்ட ஃபாரம் ஒன்று மெல்ல வெளியே வந்தது. பின்னாலேயே நாராயணசாமியின் குரலும் வந்தது.

"புதுப் பூட்டுக்கு மட்டும் மூணு கொட்டேஷன் எடுத்துடும்மா. போன தடவை மாதிரியே, இருக்கறதுலயே கம்மி விலையாப் பாரு."