சுக்கூர் வைத்த ஸ்டேட்டஸ்

"டி.பி. மாத்திரை. இன்னைக்கும் போட்டாச்சு. மறைக்க மாட்டேன்."

உள்ளங்கையில் மாத்திரையோடு அப்துல் சுக்கூர் சிரிக்கும் வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்த்ததும் அக்பர் அலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வாரமாக விடிந்தால் இதே கூத்து.

சுக்கூர் வேறு யாருமில்லை, அக்பர் அலியின் மனைவி காதர் பீவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். மகள் பாஸிலாவுக்கு வத்தலக்குண்டுச் சம்பந்தம் கூடி வருகிற நேரம். தாய்மாமனுக்கு டி.பி. என்று தெரிந்தால் பேச்சு முறிந்துவிடும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அதே நோய் அக்பர் அலிக்கும் இருந்தது. பீவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆறு மாத மருந்தை, இருமல் நின்ற கையோடு மூன்றாம் மாதமே நிறுத்தியிருந்தார். சம்பந்தி வீட்டார் வந்து போகிற வீட்டில் மாத்திரை அட்டை கிடக்கலாமா?

நேரே தோல் பதனிடும் ஷாப் தொழிலாளர் சங்க ஆபீசுக்குப் போனார். சுக்கூர் நோட்டீஸ் மடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அதை அழிங்க."

"எதை மாப்ள?"

"ஸ்டேட்டஸைத்தான். மானம் போகுது."

"கழிவைத் தண்ணியில விட்ட முதலாளியே வெள்ளைச் சட்டையில சுத்துறான். அவனுக்கு வராத வெக்கம் இருமுறவனுக்கு எதுக்கு?"

"மேடைப் பேச்சு வேணாம். வத்தலக்குண்டுக்காரங்க பார்த்தா?"

"பார்க்க மாட்டாங்க."

"ஊரே பார்க்குது மச்சான்."

"ஊர்ல ஒரு ஆளாச்சும் உன்கிட்ட இதப் பத்திக் கேட்டாங்களா?"

அக்பர் அலி யோசித்தார். ஒருவரும் கேட்கவில்லை.

"எப்படிக் கேப்பாங்க? உனக்கு மட்டும் தெரியுற மாதிரில்ல வச்சிருக்கேன்."

அக்பர் அலி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மட்டுமா? எதுக்கு?"

"நீ மருந்தை நிறுத்திட்டேன்னு தங்கச்சி வந்து அழுதுச்சு. நேர்ல சொன்னா நீ கேக்குற ஆளா?"

பிறகு அக்பர் அலி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்களுக்கு இது எத்தனாவது மாசம் மச்சான்?"

சுக்கூர் அடுத்த நோட்டீஸை எடுத்து மடித்தார்.

"எனக்கேது டி.பி.? அது சத்து மாத்திரை மாப்ள. நீ உன்னோடதைப் போட ஆரம்பி, நான் இதை நிறுத்திர்றேன்."