விற்றுப்போன ஏச்சு

"ஃபிலோமினா, நிலாவுல சுரங்கம் வெட்டுத அத்தனை பேரும் உன் ஏச்சைக் கேட்டுத்தான் சோறு திங்கான்!" என்று அருளானந்தம் மார்தட்டினார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். மனைவியின் குரலுக்குக் கப்பலே ஒதுங்கி வழிவிடும் என்பது அவர் கட்சி. அவள் ஏச்சு ஒவ்வொன்றையும் பதிவுசெய்து, வாங்குபவருக்கே சொந்தமாகும் டிஜிட்டல் டோக்கனாக அச்சடித்து விற்க, ஓர் இணையச் செயலியையே அமைத்துவிட்டார்.

"இந்தப் புளுகை மாதா கோயில்ல போய்ச் சொல்லுங்க," என்ற ஃபிலோமினா, வழக்கம்போல, "ஆறிப்போகுது, வந்து கொட்டிக்கிடுங்க!" என்று கத்தினாள்.

அந்தச் செயலியோடு இணைத்திருந்த அடுப்படி ஸ்பீக்கர் குறுக்கிட்டது: "மன்னிக்கவும். இந்த ஏச்சு விற்றுப்போய்விட்டது. இனி வாங்கியவருக்கு மட்டுமே சொந்தம்."

"என் வாய்க்கே பூட்டா? இப்பமே திருப்பி வாங்குங்க!"

அருளானந்தம் வாங்கியவனைக் காணொளியில் அழைத்தார். திரையில், நிலாச் சுரங்கத்தில், கன்னம் ஒட்டிப்போன ஒருவன் தெரிந்தான்.

"அம்மா போனதுலேருந்து சோறே இறங்கலைங்க. உங்க ஏச்சைக் கேட்டாத்தான் தட்டுல கை வைக்கேன். திருப்பிக் கேக்காதீங்கம்மா."

ஃபிலோமினா அவனையே பார்த்தாள். "இன்னைக்குத் தின்னியா?"

"இன்னும் இல்லைங்க."

"பொறவு எதுக்குல என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்க? உக்காந்து தின்னு!"

அவன் அவசரமாக உட்கார்ந்தான். தட்டு காலியாகும்வரை அவள் திரையை விட்டு நகரவில்லை.

புது ஏச்சையும் அச்சடிக்க அருளானந்தத்தின் விரல் மெல்ல நகர்ந்தது. அவள் கரண்டியை ஓங்கினாள். பிறகு அதே கரண்டியால் அவருக்குச் சோறு போட்டாள்.

"அத்தனை பேரும் இல்ல, ஒருத்தன்தான்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா நீங்க சொன்னது நெசந்தான். தின்னுட்டான்."